தீயணைப்பானைக் கையில் எடுக்கும் முன்

ஏப்ரல் 14 என்றால் நம் வீடுகளில் சித்திரைப் புத்தாண்டு. மாங்காய்ப் பச்சடி, வேப்பம்பூ, பஞ்சாங்கம் படித்தல் என்று புனேயிலும் குறைவில்லாமல் கொண்டாடுகிறோம். அதே நாளை இந்தியா முழுவதும் தேசிய தீயணைப்புச் சேவை நாளாகவும் கடைப்பிடிக்கிறார்கள் என்பது நம்மில் பலர் கவனிக்காத ஒன்று.

1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய் விக்டோரியா டாக்கில் நின்றிருந்த 'ஃபோர்ட் ஸ்டிகைன்' என்ற சரக்குக் கப்பலில் பஞ்சுப் பொதிகளில் தீப்பற்றியது. அதே கப்பலில் ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருளும் இருந்தது. தண்ணீரைக் கொட்டிக் கொட்டிப் பார்த்தும் தீயின் வேர் எங்கே என்று அகப்படவில்லை. மாலை 4 மணி கடந்த சில நிமிடங்களில் கப்பல் வெடித்தது. பம்பாய்த் தீயணைப்புப் படையினர் 66 பேர் கடமையிலேயே மாண்டனர். அவர்கள் நினைவாகத்தான் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீயணைப்பு வாரம் நடக்கிறது. அந்த வாரத்தில் அலுவலகங்களிலும் ஆலைகளிலும் ஒரு தட்டில் டீசலை ஊற்றிக் கொளுத்தி, யாரோ ஒருவர் அணைத்துக் காட்டுவார். மற்றவர்கள் கை தட்டிவிட்டு டீ குடிக்கப் போவார்கள். பிறகு அடுத்த ஏப்ரல்தான்.

சென்ற பொங்கல் விழாவில், சாக்கனில் ஒரு மோட்டார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் நம் சங்கத்து இளைஞர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். "உன் ஷாப்பில் ஃபயர் எக்ஸ்டிங்விஷர் எத்தனை இருக்கிறது தம்பி?" என்று கேட்டேன். "இருபதுக்குக் குறையாமல் இருக்கும் மாமா" என்றார். "நீ எதையாவது கையில் தூக்கிப் பார்த்ததுண்டா?" என்றேன். சிரித்தார். "ஏழு வருஷமாகத் தினமும் அதைத் தாண்டித்தான் மாமா போகிறேன். தொட்டதில்லை."

அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஏன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் கையெழுத்து

ரயில்வேயில் நான் சேர்ந்த புதிதில் சோடா-ஆசிட் வகைத் தீயணைப்பான்களே பெரும்பாலும் இருந்தன. கூம்பு வடிவில் இருக்கும். குமிழைத் தரையில் ஓங்கி இடித்து, தலைகீழாகப் பிடிக்க வேண்டும். பக்கத்தில் சிவப்பு வாளிகளில் மணல் தொங்கும். அந்த வாளிகளின் அடிப்பாகம் உருண்டையாக இருக்கும். தரையில் நிற்காது. நிற்கும் வாளியாக இருந்தால் யாராவது குளிக்கவோ துணி துவைக்கவோ எடுத்துப்போய்விடுவார்கள் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது!

நான் வேலை பார்த்த பணிமனைகளில் ஒன்றில் நடந்தது இது. இடத்தின் பெயர் வேண்டாம். வெல்டிங் நடந்துகொண்டிருந்தபோது ஒரு பொறி பறந்து, டீசல் துடைத்த காட்டன் வேஸ்ட் போட்டிருந்த டிரம்மில் விழுந்தது. முதலில் புகை, பிறகு முழங்கால் உயரத்திற்குச் சுடர். அருகில் இருந்த மராட்டிய ஹெல்பர் ஒருவர் சற்றும் தயங்காமல் தூணில் தொங்கிய பவுடர் தீயணைப்பானைக் கழற்றிக்கொண்டு ஓடினார். ஊசியைப் பிடுங்கினார், அழுத்தினார். ஒன்றும் வரவில்லை. மறுபடி அழுத்தினார். உருளையைக் குலுக்கினார். குனிந்து அதன் வாயைப் பார்த்தார். அந்தச் சில வினாடிகளில் டிரம் முழுவதும் பற்றிக்கொண்டு, தீ அவருடைய இடது கையிலும் சட்டையிலும் தாவியது. மற்றவர்கள் மணல் வாளிகளைக் கொட்டி அணைத்தார்கள்.

பிறகு பிரித்துப் பார்த்தோம். உள்ளே பவுடர் ஈரம் கோத்து, சிமெண்ட் போல இறுகிக் கிடந்தது. அதன் கழுத்தில் தொங்கிய பரிசோதனை அட்டையில் அந்த மாதத்துத் தேதி இருந்தது. எதிரே இருந்தது என் கையெழுத்து. நான் அந்த உருளையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. மேசையில் அமர்ந்து, எல்லா அட்டைகளிலும் ஒரே மூச்சில் கையெழுத்துப் போட்டவன் நான்.

ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்கச் சென்றேன். அவர் கோபப்படவில்லை. "ஸாஹேப், அட்டையில் உங்கள் கையெழுத்து இருந்ததே, அதைப் பார்த்துத்தானே எடுத்தேன்" என்று மட்டும் மராட்டியில் சொன்னார். கை ஆறிவிட்டது, வேலைக்கும் திரும்பினார். ஆனால் இரண்டு விரல்கள் கடைசிவரை முழுதாக மடங்கவில்லை. அதற்குப் பிறகு ஓய்வு பெறும் நாள்வரை நான் தூக்கிப் பார்க்காத உருளைக்குக் கையெழுத்துப் போட்டதில்லை. அதனால் அந்த இரண்டு விரல்கள் நேராகிவிடவில்லை.

அவர் செய்ததில் பிழை ஏதும் இல்லை. தைரியமாகத்தான் போனார். ஆனால் தீயின் முன்னால் தைரியத்தை விட முக்கியமானவை மூன்று: கையில் உள்ள கருவி வேலை செய்யுமா, இந்தத் தீக்கு அது ஏற்றதா, எப்போது அதைப் போட்டுவிட்டு வெளியேற வேண்டும். இந்தக் கட்டுரை அந்த மூன்றையும் பற்றியது.

தீயின் வகையும் கருவியின் வகையும்

எரிபொருள், காற்றில் உள்ள ஆக்சிஜன், வெப்பம் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் தீ. இவற்றில் ஒன்றை விலக்கினால் தீ அணையும். தண்ணீர் வெப்பத்தைக் குறைக்கிறது. கார்பன் டை ஆக்சைடு ஆக்சிஜனை விலக்குகிறது. நுரை, எண்ணெயின் மேல் போர்வை போல் மூடிக்கொள்கிறது. பவுடர், சுடருக்குள் நடக்கும் ரசாயனத் தொடரையே அறுக்கிறது. எல்லாத் தீக்கும் ஒரே மருந்து இல்லை.

நம் நாட்டில் தீயை இப்படி வகுத்திருக்கிறார்கள். மரம், காகிதம், துணி போன்றவை 'ஏ' வகை. பெட்ரோல், தின்னர், பெயிண்ட் போன்ற திரவங்கள் 'பி' வகை. சமையல் கேஸ் போன்ற வாயுக்கள் 'சி' வகை. மெக்னீசியம் போன்ற உலோகத் தூள்கள் 'டி' வகை. சமையல் எண்ணெய் 'எஃப்' வகை. அமெரிக்காவில் 'சி' என்றால் மின்சாரத் தீ, 'கே' என்றால் சமையல் எண்ணெய். அமெரிக்கக் கம்பெனிகளில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் பயிற்சிப் படங்களில் அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

மின்சாரம் நம் முறையில் தனி வகை அல்ல. மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்வரை அது எந்தத் தீக்கும் கூடுதல் ஆபத்து. மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டால், மிச்சம் இருப்பது சாதாரணத் தீ.

இனி, சுவரில் தொங்கும் உருளைகள்:

ஏ.பி.சி. பவுடர்: இப்போது அதிகம் காணப்படுவது இதுதான். முதல் மூன்று வகைத் தீக்கும், மின்சாரம் உள்ள இடத்திலும் பயன்படும். ஆனால் மூடிய அறையில் அடித்தால் வெண்புகை போல் பரவிக் கண்ணை மறைக்கும், மூச்சு முட்டும். கம்ப்யூட்டர்களுக்குள் புகுந்தால் அவற்றைக் கெடுத்துவிடும்.

கார்பன் டை ஆக்சைடு: நுனியில் கறுப்பு நிறப் புனல் இருக்கும். மின்சாரப் பெட்டிகளுக்கு ஏற்றது, கறை மிஞ்சாது. அடிக்கும்போது புனலை வெறும் கையால் பிடிக்கவே கூடாது. வெளிவரும் வாயு பூஜ்யத்துக்குக் கீழே 78 டிகிரி வரை குளிரும். தோல் வெந்ததுபோல் ஆகிவிடும். பள்ளம், நிலவறை, சிறிய அறை போன்ற இடங்களில் அடித்துவிட்டு அங்கேயே நிற்கவும் கூடாது. தீயின் ஆக்சிஜனை விலக்கும் அதே வாயு நம்முடைய ஆக்சிஜனையும் விலக்கிவிடும்.

தண்ணீர் மற்றும் நுரை: தண்ணீர் காகிதம், மரம், துணிக்கு. நுரை எண்ணெய், பெட்ரோலுக்கும் பயன்படும். மின்சாரம் ஓடும் இடத்தில் இரண்டும் ஆகாது.

சமையல் எண்ணெய்க்கென்று ஈர ரசாயன வகை தனியாக உண்டு. ஆலை கான்டீன் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எரியும் வாணலியில் தண்ணீர் ஊற்றுவதைப் போன்ற தவறு வேறில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் ஏறத்தாழ 1,700 லிட்டர் இடத்தை அடைக்கும். எண்ணெய்க்கு அடியில் போன தண்ணீர் அப்படி விரியும்போது, எரியும் எண்ணெயைக் கூரைவரை வீசியெறியும். அடுப்பை அணைத்து, ஒரு தட்டால் வாணலியை மூடுவதே நம் பாட்டிமார் அறிந்த முறை. சரியான முறையும் அதுதான்.

எடுக்கும் முன் மூன்று கேள்விகள்

ஒன்று: தீ எவ்வளவு பெரியது? ஒரு குப்பைக்கூடை அளவு என்றால் முயற்சி செய்யலாம். நம் உயரத்தைத் தாண்டிவிட்டாலோ, கூரையைத் தொட்டுவிட்டாலோ, அறையில் புகை இறங்க ஆரம்பித்துவிட்டாலோ அது நம் வேலை அல்ல. ஒரு 6 கிலோ பவுடர் உருளை எவ்வளவு நேரம் பீய்ச்சும் என்று இளைஞர்களைக் கேட்டால் ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்கிறார்கள். உண்மையில் கால் நிமிடம் அளவுதான்! அதற்குள் அணையாத தீ, அந்த உருளைக்கு அடங்காத தீ.

இரண்டு: வெளியேறும் வழி என் முதுகுக்குப் பின்னால் இருக்கிறதா? தீ ஒரு பக்கம், கதவு ஒரு பக்கம், நாம் நடுவில் நிற்க வேண்டும். தீயைத் தாண்டிப் போய் உருளையை எடுக்க நேர்ந்தால், எடுக்கவே வேண்டாம். கதவு இருந்தால் மட்டும் போதாது, திறக்கவும் வேண்டும். 2019 மே 9 அன்று அதிகாலையில் நம் ஊரை அடுத்த உருளி தேவாச்சியில் ஒரு துணிக்கடை எரிந்தபோது, உள்ளே உறங்கிய ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். கதவு வெளியே பூட்டப்பட்டிருந்தது.

மூன்று: இந்தத் தீக்கு இந்த உருளை ஏற்றதா? உருளையின் மேல் எழுதியிருப்பதை நெருப்பின் முன்னால் நின்று படிக்க முடியாது. முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

மூன்று கேள்விகளில் ஒன்றுக்கு 'இல்லை' என்று பதில் வந்தாலும், கதவைச் சாத்திக்கொண்டு வெளியேறுங்கள். சாத்திய கதவு புகையையும் தீயையும் தாமதப்படுத்தும். பூட்ட வேண்டாம்.

பயன்படுத்தும் முறை

முதலில் குரல் கொடுங்கள். இங்கே ஒரு சிறு விஷயம். பதற்றத்தில் நம் வாயில் வருவது தாய்மொழிதான். 'தீ, தீ' என்று நாம் கத்தினால் சாக்கனில் எத்தனை பேருக்குப் புரியும்? 'ஆக்' என்றால் மராட்டியிலும் இந்தியிலும் நெருப்பு. "ஆக் லாக்லி! பாஹேர் சலா!" தீப்பிடித்துவிட்டது, வெளியே வாருங்கள் என்று பொருள். இந்த நான்கு சொற்களை வீட்டில் இரண்டு முறை உரக்கச் சொல்லிப் பழகுங்கள். பிள்ளைகள் சிரித்தால் சிரிக்கட்டும், அவர்களுக்கும் மனப்பாடம் ஆகிவிடும்.

பிறகு, அபாய மணியை அடிக்கவோ 101 அல்லது 112-க்குப் போன் செய்யவோ ஒருவரை அனுப்புங்கள். முடிந்தால் மின்சாரத்தை அணைக்கச் செய்யுங்கள். தனியாகத் தீயிடம் போகாதீர்கள். பின்னால் ஒருவர் நிற்கட்டும். அதன்பின் நான்கே செயல்கள்: இழு, குறி, அழுத்து, வீசு.

இழு: உருளையைத் தரையில் வைத்து, முத்திரையை முறித்து ஊசியை இழுங்கள். கைப்பிடியை அழுத்திக்கொண்டே இழுத்தால் ஊசி வராது. பலர் இந்த இடத்தில்தான் திணறுகிறார்கள். பிறகு வழியிலேயே ஒரு கணம் அழுத்திப் பார்த்து, வேலை செய்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அந்த ஹெல்பருக்கு இதை யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

குறி: ஆறு முதல் எட்டு அடி தூரத்தில் நின்று, தீயின் அடிப்பாகத்தைக் குறி வையுங்கள். சுடரின் மேல் அடிப்பது, மரத்தை வெட்டுவதற்கு இலையைக் கிள்ளுவது போல. திறந்த வெளியானால் காற்று உங்கள் முதுகிலிருந்து வீச வேண்டும்.

அழுத்து: கைப்பிடியை முழுதாக அழுத்துங்கள். உருளையை நிமிர்த்தியே பிடியுங்கள். என் வயதினர் சிலர் பழைய சோடா-ஆசிட் நினைவில் இன்றைய உருளையையும் கவிழ்க்கிறார்கள். கவிழ்த்தால் காற்று மட்டும் வெளியேறி, மருந்து உள்ளேயே தங்கிவிடும்.

வீசு: பெருக்குமாறால் கூட்டுவது போல இடமும் வலமும் வீசிக்கொண்டே, தீ பின்வாங்கப் பின்வாங்க மெல்ல முன்னேறுங்கள். எண்ணெய்த் தீயில் மட்டும் மிக அருகே போய் வேகமாக அடிக்காதீர்கள், எண்ணெய் சிதறும்.

அணைந்த பிறகு முதுகைக் காட்டித் திரும்பாதீர்கள். பார்த்துக்கொண்டே பின்னால் நடந்து வாருங்கள். பஞ்சு, துணி, காகிதம் உள்ளே கனன்று மீண்டும் பற்றும். பாதி உபயோகித்த உருளையை மறுபடி சுவரில் மாட்டவே கூடாது.

எடுக்கவே கூடாத தீ

2021 ஜூன் 7 அன்று நம் ஊருக்கு மேற்கே, முல்ஷி தாலுகாவின் பிரங்குட் பகுதியில் எஸ்.வி.எஸ். அக்வா டெக்னாலஜீஸ் ஆலையில் தீப்பிடித்தது. தண்ணீரைச் சுத்திகரிக்கும் குளோரின் டை ஆக்சைடு மாத்திரைகள் செய்யும் இடம் அது. 17 பேர் இறந்தார்கள். அவர்களில் 15 பேர் பெண்கள். பிளாஸ்டிக் பொருட்களைப் பொட்டலம் கட்டும் இடத்தில் தீ தொடங்கியதாக அப்போது அதிகாரிகள் கூறினர். உள்ளே இருப்பவர்களை எட்டச் சுவரை இயந்திரத்தால் இடிக்க வேண்டியிருந்தது.

2023 டிசம்பர் 8 அன்று பிம்ப்ரி-சிஞ்ச்வட்டை ஒட்டிய தளவடேயில், பிறந்தநாள் கேக்கின் மேல் கொளுத்தும் பொறி மெழுகுவர்த்தி செய்யும் கூடத்தில் தீ. அன்றே ஆறு பெண்கள் இறந்தார்கள். அடுத்த நாட்களில் ஆஸ்பத்திரியில் மேலும் பலர். குடும்பத்துக்கு இன்னொரு சம்பளம் வேண்டும் என்று வேலைக்கு வந்த பெண்கள்.

இந்த இரு இடங்களையும் நான் ஏன் சேர்த்துச் சொல்கிறேன்? ஆக்சிஜனை விலக்கினால் தீ அணையும் என்று மேலே எழுதினேன். ஆனால் சில பொருட்கள் தங்களுக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தங்களுக்குள்ளேயே வைத்திருக்கின்றன. பட்டாசு மருந்தும் மத்தாப்பு மருந்தும் அப்படிப்பட்டவை. குளோரின் டை ஆக்சைடு தயாரிக்கும் மூலப்பொருட்களும் பிற பொருட்களை எரியத் தூண்டுபவை. இவற்றின் மேல் பவுடரைப் போர்த்தினாலும், கார்பன் டை ஆக்சைடைப் பாய்ச்சினாலும் மூச்சு அடைக்காது. இப்படிப்பட்ட பொருட்கள் குவிந்து கிடக்கும் இடத்தில் பற்றிக்கொண்டால், கை உருளையால் ஆகப்போவது ஒன்றுமில்லை. அங்கே தொழிலாளியைக் காப்பாற்றுவன, பொருளைக் கொஞ்சமாக வைப்பது, பொறி எழாமல் பார்ப்பது, திறந்திருக்கும் இரண்டு வாசல்கள், ஓடு என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்திருப்பது. 1944-இல் பஞ்சையும் வெடிமருந்தையும் ஒரே கப்பலில் வைத்ததன் பாடமும் இதுவே.

இன்னும் இரண்டு உண்டு. ஒன்று கேஸ். 2023 ஆகஸ்ட் 26 அன்று அதிகாலை, மதுரை ரயில் நிலையம் அருகே நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டி ஒன்று எரிந்து ஒன்பது பேர் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த யாத்ரீகர்கள், விதியை மீறி உள்ளே கொண்டுவந்த சிலிண்டரில் டீ போட முயன்றதே காரணம் என்று ரயில்வே தெரிவித்தது. ரயில்வேயில் உழைத்தவன் என்ற முறையில் அந்தச் செய்தி என்னை நெடுநாள் வாட்டியது. கேஸ் கசிந்து எரியும்போது, வால்வை மூட வழி இல்லாமல் சுடரை மட்டும் அணைத்துவிட்டால், கேஸ் தொடர்ந்து வெளியேறி அறையை நிரப்பும். அடுத்த பொறியில் அது வெடிக்கும். முதலில் வால்வு, பிறகுதான் சுடர். வால்வை எட்ட முடியாவிட்டால் எல்லோரும் வெளியே.

மற்றது லித்தியம் பேட்டரி. மின் ஸ்கூட்டர், லேப்டாப், ஆலையில் ஓடும் பேட்டரி வண்டிகள் எல்லாவற்றிலும் இருப்பது. 2022 மார்ச்சில் லோஹேகாவில் சாலையோரம் நின்றிருந்த ஒரு மின் ஸ்கூட்டர் தானாகவே எரிந்த படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். இந்தப் பேட்டரி உள்ளுக்குள்ளேயே சூடேறி எரிவதால், பவுடர் அடித்துச் சுடர் அடங்கியது போலத் தோன்றினாலும் மறுபடி மறுபடி பற்றும். நிறையத் தண்ணீரால் நெடுநேரம் குளிர்விக்க வேண்டும். அது தீயணைப்புப் படையின் வேலை. அதன் புகையும் நஞ்சு. நாம் செய்ய வேண்டியது விலகுவதும் மற்றவர்களை விலக்குவதும்.

மாதம் ஒரு முறை, ஐந்து நிமிடம்

உங்கள் இடத்துக்கு அருகில் உள்ள உருளையை மாதம் ஒரு முறை பார்க்க அதிகாரி வேண்டியதில்லை.

வழியில் அட்டைப்பெட்டி, நாற்காலி ஏதும் மறைக்கிறதா? அழுத்தமானியின் முள் பச்சையில் இருக்கிறதா? கார்பன் டை ஆக்சைடு உருளைக்கு அந்த முள் கிடையாது. எடை போட்டுத்தான் அறிய வேண்டும். எடை பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தால் நிரப்ப அனுப்ப வேண்டும். ஊசியும் முத்திரையும் இருக்கின்றனவா? ஊசி விழாமல் இருக்கட்டும் என்று யாராவது கம்பியால் கட்டி வைத்திருக்கிறார்களா? நானே பார்த்திருக்கிறேன்! குழாய் வெடித்திருக்கிறதா, உள்ளே குளவி கூடு கட்டியிருக்கிறதா? ஐ.எஸ்.ஐ. முத்திரை உண்டா? அடுத்து நிரப்பும் தேதியும், அழுத்தச் சோதனைத் தேதியும் தாண்டிவிட்டனவா?

இவை எல்லாம் சரியாக இருந்தாலும் ஒருமுறை தூக்கிப் பாருங்கள். பவுடர் உருளையானால் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். உள்ளே பவுடர் மணல் போல நகர்வது கைக்குத் தெரியும். கல் போல அசையாதிருந்தால் உடனே எழுதிக் கொடுங்கள்.

'ஐ.எஸ். 2190' என்ற இந்தியத் தர நிர்ணயப்படி, எங்கு நின்றாலும் 15 மீட்டருக்குள் ஒரு உருளை கிடைக்க வேண்டும். எழுந்து நடந்து அளந்து பாருங்கள். மகாராஷ்டிரத்தில் 2006-ஆம் ஆண்டின் தீத்தடுப்பு மற்றும் உயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி, கட்டடத்தின் தீயணைப்புச் சாதனங்கள் நல்ல நிலையில் இருப்பதாக உரிமம் பெற்ற நிறுவனத்தின் சான்று ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும், தரப்பட வேண்டும். அதற்கு 'பி' படிவம் என்று பெயர். நம் வீடு இருக்கும் அடுக்குமாடிச் சொசைட்டி பெரிதாக இருந்தால் அதற்கும் இது பொருந்தும். அடுத்த சொசைட்டிக் கூட்டத்தில் "பி ஃபார்ம் கொடுத்தாயிற்றா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். படிவம் மட்டும் போதாது என்பதற்கு என் கையெழுத்தே சாட்சி. ஆனாலும் கேள்வி கேட்கும் ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தால், மேசையிலேயே கையெழுத்துப் போடுபவர் எழுந்து நடப்பார்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

வேலைக்குப் போகிறவர்கள் மட்டும் படிப்பதற்காக இதை எழுதவில்லை. ஊரை விட்டு வந்து பிழைக்கும் நமக்கு, இங்கே சுற்றம் குறைவு. ஒருவர் கையைச் சுட்டுக்கொண்டு படுத்தால், அம்மாவோ அண்ணனோ ரயில் ஏறி வந்து சேர ஒரு நாள் ஆகிறது. அதனால் மனைவிமார்களும், கணவன்மார்களும், பிள்ளைகளும் இன்று இரவு சாப்பிடும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்கள் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் உருளை என்ன வகை? கதவு எந்தப் பக்கம்?" பதில் உடனே வராவிட்டால், நாளை பார்த்து வந்து சொல்லட்டும்.

அப்படிப் பார்க்கும்போது, அதன் கழுத்தில் தொங்கும் அட்டையையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். அங்கே ஒரு கையெழுத்து இருக்கும். அதை நம்புங்கள், ஆனால் உருளையையும் தூக்கிப் பார்த்துவிட்டு நம்புங்கள்.